தோரோங் லா வழியாக முக்திநாத்: நடந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்குப் போய் வந்த தமிழர்கள் நிறைய. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான் என்பதால், வருடா வருடம் யாத்திரைக் குழுக்கள் கிளம்புகின்றன. பெரும்பாலும் போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், அங்கிருந்து ஜீப், கடைசியாகக் கொஞ்சம் படிகள். கோயிலில் நின்று கிழக்கே பார்த்தால் மொட்டையாக ஒரு பெரிய மலைச்சரிவு தெரியும். அதன் உச்சியில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் தோரோங் லா. உயரம் 5,416 மீட்டர். அந்தப் பக்கத்திலிருந்து ஏறி, கணவாயைக் கடந்து, முக்திநாத்துக்குக் கிழக்கு வாசல் வழியாக வந்து சேருவதற்கான வழிகாட்டி இது.

அன்னபூர்ணா சுற்றுப்பாதை என்று மலையேறுபவர்கள் சொல்வது இதைத்தான். கயிறு, பனிக்கோடரி எல்லாம் வேண்டாம். பாறையில் தொற்றி ஏற வேண்டிய இடமும் இல்லை. முழுக்க நடைதான், ராத்திரிக்கு விடுதியும் சாப்பாடும் கிடைத்துவிடும். அதனாலேயே பலர் இதைச் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இந்தப் பாதையில் தோற்பவர்கள் கால் வலுவில்லாதவர்கள் அல்ல, அவசரப்பட்டவர்கள். கணவாயன்று என்ன ஆகும் என்பது அதற்கு ஒரு வாரம் முன்பே, நீங்கள் எந்த ஊரில் எத்தனை ராத்திரி தூங்கினீர்கள் என்பதில் முடிவாகிவிடுகிறது.

எந்தத் திசையில், எந்த மாதத்தில்

கிழக்கிலிருந்து மேற்கே, அதாவது மனாங்கிலிருந்து முக்திநாத்துக்கு. எதிர்த்திசையில் போகாதீர்கள். மனாங் பக்கம் ஏற்றம் படிப்படியாக இருக்கிறது, வழியெல்லாம் தங்க இடம் இருக்கிறது. முக்திநாத் பக்கமிருந்து ஏறினால் ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நடுவில் சராபுவில் சில தேநீர் விடுதிகள் உண்டு. அதற்கு மேல் கணவாய்வரை ஒதுங்க இடமில்லை.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை முதல் தேர்வு. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரங்கள்வரை இரண்டாவது. அப்போது கீழே பூப்பூத்திருக்கும், மேலே பழைய பனி கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை கணவாய் பனியால் அடைபடக்கூடும், மேல் விடுதிகள் சிலவற்றைப் பூட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் மனாங் மழைமறைவுப் பகுதி என்பதால் ஓரளவு காய்ந்திருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் நிலச்சரிவும் அட்டையும்.

அக்டோபர் என்றதும் அலட்சியம் வேண்டாம். 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் மிச்சம் இரண்டு நாளில் இமயத்துக்குப் போய்ப் பனியாகக் கொட்டியது. தோரோங் லாவிலும் சுற்றுப்புறத்திலும் நடைப்பயணிகள், வழிகாட்டிகள், உள்ளூர்க்காரர்கள் என்று 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் மாட்டிக்கொண்டது ஏறும்போது அல்ல, கணவாயைத் தாண்டி முக்திநாத் பக்கம் இறங்கும்போது, கண்ணெதிரே எல்லாம் வெள்ளையாகி வழி தெரியாமல் போனதால். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் நாம் சென்னைக்குத்தான் கவலைப்படுவோம். இந்தப் பாதையில் இருக்கும்போது அது உங்கள் கவலையும்கூட.

உடம்பைத் தயார் செய்தல்

குறைந்தது மூன்று மாதம். ஜிம்மில் ஓடுபொறியில் ஓடுவதைவிட, முதுகில் எட்டுக் கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குவது மேல். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது இலவசம், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளைச் சமாளித்தால் போதும். வாரத்தில் நான்கு நாள், முக்கால் மணி நேரத்தில் தொடங்கி ஒன்றரை மணி நேரம்வரை. வாரக் கடைசியில் ஒரு நீண்ட நடை. கடைசி மாதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து ஆறு, ஏழு மணி நேரம் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் முழங்கால் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

வெள்ளியங்கிரி, பர்வதமலை போன்றவை நல்ல பயிற்சி. குறிப்பாக இறங்குவதற்கு. கணவாயன்று ஏற்றம் ஆளை மூச்சு வாங்க வைக்கும் என்றால் இறக்கம் முழங்காலைப் பிடுங்கிவிடும். தொடைத் தசைக்குப் பழக்கம் வேண்டும். ஆனால் ஒன்று: நம் ஊரில் எவ்வளவு மலை ஏறினாலும் உயரத்துக்குப் பழக முடியாது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். இந்தப் பாதையில் சாமே என்ற ஊர் அதைவிடக் கொஞ்சம் உயரம், அங்கே பயணம் இன்னும் சூடுகூடப் பிடித்திருக்காது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய், தினம் பத்துக் கிலோமீட்டர் ஓடும் இளைஞருக்கும் வரும். உண்மையில் அவருக்குத்தான் முதலில் வரும், வேகமாக ஏறிவிடுவார் என்பதால்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். "நேபாளம் போகிறேன்" என்று சொன்னால் போதாது. "5,400 மீட்டர், காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி" என்று சொல்லுங்கள். பதில் வேறாக இருக்கும்.

காகிதம், பணம், துணை

இந்தியக் குடிமக்களுக்கு நேபாள விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதாரை நம்பி விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும்: மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவரான நமக்கு 1,000. கூடவே டிம்ஸ் எனப்படும் நடைப்பயணிப் பதிவு அட்டை. இரண்டையும் காத்மாண்டுவிலோ போக்ராவிலோ எடுத்துவிடலாம். நான்கு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் கையில் இருக்கட்டும்.

2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் என்று நேபாளம் அறிவித்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வழிகாட்டியோடு போவது புத்திசாலித்தனம். பாதை தெரியும் என்பதற்காக மட்டும் அல்ல. உங்கள் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது, அடுத்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். போர்ட்டர் வைத்தால் இரண்டு பேருக்கு ஒருவர். அவருக்குக் காப்பீடு இருக்கிறதா, கம்பளிச் சட்டையும் ஒழுங்கான காலணியும் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். அவரும் அதே கணவாயைத்தான் கடக்கப்போகிறார், உங்கள் பையையும் சேர்த்து.

வழிகாட்டியை அண்ணன் என்று கூப்பிடுவதுதான் வழக்கம். நேபாளியில் அண்ணனுக்கு 'தாய்' என்று பெயர். முதல் இரண்டு நாள் எனக்கு வாயில் வரவே இல்லை, அப்புறம் பழகிவிட்டது. விடுதி நடத்தும் பெண்மணி 'தீதி', அக்கா. இன்னொரு சொல்லும் கற்றுக்கொள்ளுங்கள்: 'பிஸ்தாரை'. மெதுவாக என்று பொருள். எங்கள் வழிகாட்டி ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னார்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான விகிதம். தேவையான பணம் முழுவதையும் காத்மாண்டுவிலேயே நேபாள ரூபாயாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக எல்லாம் விலை ஏறும். ஒரு டீயை அங்கே கொண்டுவந்து சேர்க்கக் கோவேறு கழுதை நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் வயிறு எரியாது. அறை வாடகை மலிவு, ஆனால் தங்கும் விடுதியிலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத விதி.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: 6,000 மீட்டர்வரை நடைப்பயணம், ஹெலிகாப்டர் மீட்பு. பல சாதாரணப் பயணக் காப்பீடுகள் 3,000 அல்லது 4,000 மீட்டரோடு கைகழுவிவிடும்.

பை

நீளமாக எழுத ஒன்றும் இல்லை. உள்ளே வியர்வையை உறிஞ்சும் சட்டை, நடுவில் கதகதப்புக்கு ஃபிளீஸ், அதன் மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலுறை. ஜீன்ஸும் பருத்தி பனியனும் வீட்டிலேயே இருக்கட்டும், ஈரமானால் காயாது. காலணி புதிதாக இருக்கக் கூடாது, குறைந்தது 100 கிலோமீட்டர் உழைத்திருக்க வேண்டும். மைனஸ் 10 தாங்கும் தூக்கப்பை, நடைக்கோல் இரண்டு, தலை விளக்கு, பனிக்கண்ணாடி, மெல்லியதும் கனத்ததுமாக இரண்டு ஜோடிக் கையுறை. நவம்பரிலும் மார்ச்சிலும் காலணியில் மாட்டும் முள் சங்கிலி ஒன்று. இறக்கத்தில் பனி கண்ணாடியாக உறைந்திருக்கும்போது அதன் அருமை தெரியும். தூக்கப்பையும் இறகு ஜாக்கெட்டும் காத்மாண்டு தாமேலில் வாடகைக்குக் கிடைக்கும். காலணியை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

குழாய் வைத்து உறிஞ்சும் தண்ணீர்ப் பை கணவாயன்று உறைந்துபோகும். அகன்ற வாய்ப் பாட்டில் வேண்டும். ராத்திரி அதில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடு, காலையில் குடிக்கவும் ஆகும். கைபேசியும் பேட்டரிகளும் அதே தூக்கப்பையில்தான் தூங்க வேண்டும். குளிரில் மின்சாரம் வடிந்துவிடும். மனாங் பக்கத்தில் எங்களுக்கு நேபாள் டெலிகாம் சிம் எடுத்தது.

மனாங் வரை

முதல் நாள் காத்மாண்டுவிலிருந்து பேசிசஹர், 760 மீட்டர். இங்கிருந்து இப்போது மண்சாலை மனாங்வரைக்கும் போகிறது. பொறி இதுதான். ஜீப்பில் ஏறினால் 3,540 மீட்டரில் இறக்கிவிட்டுவிடுவார்கள். நான்கு நாள் மிச்சமாயிற்று என்று மனசு சந்தோஷப்படும், ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது. விடுமுறை குறைவாக இருந்தால் ஜீப்பில் தாராபானிவரை (1,860 மீட்டர்) போங்கள். மிஞ்சிப்போனால் சாமேவரை (2,670). அதற்கு மேல் நடை.

எனக்குப் பிடித்த கணக்கு இது. இரண்டாம் நாள் ஜீப்பில் தாராபானி. மூன்றாம் நாள் நடந்து சாமே. வழியில் திமாங்கில் வானம் திறந்திருந்தால் பின்னால் திரும்பி மனாஸ்லுவைப் பாருங்கள். நான்காம் நாள் மேல் பிசாங், 3,300 மீட்டர். அன்று வழியில் பாவுங்தா தண்டா என்ற பிரம்மாண்டமான பாறைச் சரிவு வரும். கிண்ணத்தைப் பாதியாக வெட்டி நிறுத்தியது போல வளைந்து, வழவழவென்று நிற்கும். இறந்தவர்களின் ஆவி அதன் மேல் ஏறித்தான் சொர்க்கம் போகிறது என்பது அந்தப் பக்கத்துக் குருங் மக்களின் நம்பிக்கை.

கீழ் பிசாங்கில் தங்கிக் கீழ்ச்சாலையிலேயே மனாங் போய்விடலாம், சமதரை. ஆனால் மேல் பாதையில் போங்கள். ஐந்தாம் நாள் மேல் பிசாங்கிலிருந்து க்யாரு கிராமத்துக்கு வளைந்து வளைந்து ஒரு ஏற்றம். முதல் தடவையாக மூச்சு திணறும், "எதற்கு வந்தோம்" என்று தோன்றும். ஏறி முடித்தால் எதிரே அன்னபூர்ணா 2, 7,937 மீட்டர், மறைக்க ஒன்றுமில்லாமல். அன்று நாவலில் (3,650) தூங்கிவிட்டு, ஆறாம் நாள் பிராகா மடாலயத்தைப் பார்த்துக்கொண்டு மனாங்குக்கு (3,540) இறங்குகிறீர்கள். மனாங்கைவிட உயரமான ஊரில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மனாங்குக்கு வருகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கீழ்ச்சாலையில் வந்தவருக்கு இந்த லாபம் இல்லை.

வழியில் இரண்டு விஷயம். கோவேறு கழுதைக் கூட்டம் எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே கீழே தள்ளிவிடும், அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. மந்திரம் பொறித்த கல்சுவர்கள் வந்தால் அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்குமாறு கடந்து போங்கள். நமக்குச் சொல்லித்தர வேண்டாம், கோயிலை வலம் வருவது போலத்தான்.

சாப்பாடு: தால் பாத். சோறு, பருப்பு, காய், ஊறுகாய், அப்பளம். கேட்கக் கேட்கப் போடுவார்கள். நம் வயிற்றுக்கு இதைவிட நல்லது எதுவும் அங்கே இல்லை. சைவமாகவே இருந்துவிடுங்கள். மேலே கிடைக்கும் இறைச்சி குளிர்பெட்டி இல்லாமல் நாள்கணக்கில் முதுகில் வந்தது. தண்ணீரைக் குளோரின் மாத்திரை போட்டோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர். பூண்டு சூப் குடித்தால் மலைநோய் வராது என்று எல்லா விடுதியிலும் சொல்வார்கள். குடியுங்கள், சூடாக நன்றாக இருக்கும். மருந்து என்று நம்ப வேண்டாம்.

மனாங்கில் இரண்டு ராத்திரி, பேரம் பேசாமல்

ஏழாம் நாள் ஓய்வு. ஓய்வு என்றால் போர்வைக்குள் கிடப்பது அல்ல. உயரே ஏறி, கீழே வந்து தூங்குவது. கங்காபூர்ணா பனியாற்றுக்குக் கீழே உள்ள ஏரிக்கு எதிர்ப்புறம் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். தெம்பு இருந்தால் சுமார் 4,600 மீட்டரில் உள்ள பனி ஏரிவரை போய் வரலாம், ஆனால் அது ஒரு நாள் முழுக்க ஆளைப் பிழிந்துவிடும். நான் பாதிவரை ஏறித் திரும்பிவிட்டேன், வருத்தமில்லை.

பிற்பகலில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். 1973-இல் தொடங்கிய அமைப்பு. சீசனில் மருத்துவர்கள் இருப்பார்கள், மலைநோய் பற்றித் தினமும் பேசுவார்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் செலவழிக்கும் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம் அதுதான்.

அவர்கள் சொல்வதன் சாரம், என் வார்த்தையில்:

3,000 மீட்டருக்கு மேலே, முந்தின இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து தூங்கக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் இரண்டு ராத்திரி. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பது கணக்கில் பெரிதல்ல, தூங்கும் உயரம்தான் கணக்கு.

தலைவலி வந்து, கூடவே குமட்டலோ, தலைச்சுற்றலோ, அடித்துப்போட்டது போன்ற அசதியோ இருந்தால் அது மலைநோய்தான். "வெயில் பட்டது", "காலையில் டீ குடிக்கவில்லை" என்று காரணம் தேடாதீர்கள். நம்மவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். இருக்கும் இடத்திலேயே தங்குங்கள். சரியானால் மேலே. ஆகாவிட்டால் கீழே. கூடினால் அந்த நிமிஷமே கீழே, ராத்திரியானாலும்.

இரண்டு ஆபத்துகளைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல், படுக்க முடியாது, முற்றினால் இளஞ்சிவப்பாக நுரைத்த சளி. மற்றது மூளை வீக்கம்: குடித்தவர் போல நடை தள்ளாடும், பேச்சு குழப்பமாகும். சோதிக்க எளிய வழி உண்டு. தரையில் நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மற்றதன் விரலைத் தொடுமாறு அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் காத்திருக்கவே கூடாது. இந்த இரண்டுக்கும் உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான். ஆக்சிஜனும் ஊசியும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை மட்டுமே.

டயாமாக்ஸ் என்ற அசெட்டசோலமைடு மாத்திரை பழகுவதைத் துரிதப்படுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை, இரவு. ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாமல் போகலாம், அதனால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். விரல் நுனி மரத்துச் சுருசுருவென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இரண்டும் சகஜம். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம், மூச்சை மந்தமாக்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும். கொண்டுபோகலாம், ஆனால் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். 4,500 மீட்டரில் 80-க்குச் சற்று மேலே காட்டுவது நல்ல உடம்புக்கும் நடக்கும். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். இன்னொன்று: ராத்திரி தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெரிதாக இழுத்து வாங்கும். எங்கள் அறையில் நண்பர் ஒருவருக்கு இப்படி ஆனபோது நான் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அவர் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். உயரத்தில் இது இயல்பு.

யாக் கர்க்கா, பேடி

எட்டாம் நாள் யாக் கர்க்கா, 4,018 மீட்டர். மூன்று, நான்கு மணி நேரத்தில் வந்துவிடும். மதியம் ஒரு மணிக்கே நடை முடிந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் போகலாமே என்று கால் சொல்லும். கேட்காதீர்கள். ஒன்பதாம் நாள் தோரோங் பேடி, 4,450. 'பேடி' என்றால் அடிவாரம். பேடிக்கு முன் ஒரு சரிவு, மேலேயிருந்து கல் உருளும் இடம். காலையில் கடப்பது நல்லது, காற்று கிளம்பினால் கற்களும் கிளம்பும். அங்கே புகைப்படம் எடுக்க நிற்க வேண்டாம்.

பேடியில் தங்குவதா, அதற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹை கேம்ப்பில் தங்குவதா என்பது இந்தப் பாதையின் நிரந்தரப் பட்டிமன்றம். ஹை கேம்ப்பில் தங்கினால் கணவாயன்று ஒன்றரை மணி நேர ஏற்றம் மிச்சம். ஆனால் 4,850 மீட்டருக்கு மேல் தூக்கம் வராது, பசி இருக்காது, இடம் கிடைக்காமலும் போகலாம். என் கட்சி பேடி. பகலில் ஹை கேம்ப்வரை ஏறி டீ குடித்துவிட்டு இறங்கி வந்து பேடியில் தூங்குங்கள். இரண்டு பயனும் கிடைக்கும்.

எங்கள் குழுவில் ஒருவர் பேடியில் அன்று மாலை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு வேண்டாம் என்றார். ஐந்து வருடக் கனவு, கணவாய் கண்ணெதிரே. வழிகாட்டி வாதாடவில்லை, அவர் பையைத் தூக்கிக்கொண்டு "வாங்க, கீழே போகலாம்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். யாக் கர்க்காவில் இரண்டு ராத்திரி தூங்கிவிட்டு அவர் எங்களுக்கு இரண்டு நாள் கழித்துக் கணவாயைக் கடந்தார். கைவசம் இரண்டு உபரி நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாகப் போட்டால் அது உங்கள் மூளைக்குப் பதிலாக முடிவெடுக்கும்.

கணவாய் நாள்

முந்தின மாலை வானிலையைக் கேளுங்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தாலோ புதுப்பனி ஆழமாக விழுந்திருந்தாலோ கிளம்பாதீர்கள். மற்றவர்கள் போகிறார்கள் என்பது காரணம் ஆகாது.

சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் படுத்து, மூன்று மணிக்கு எழுந்திருங்கள். பசி இருக்காது, இருந்தாலும் கஞ்சியோ திபெத்திய ரொட்டியோ உள்ளே போக வேண்டும். நான்கு மணிக்குக் கிளம்பினால் போதும். சிலர் இரண்டு மணிக்கே கிளம்புவார்கள். இருட்டிலும் குளிரிலும் கூடுதலாக இரண்டு மணி நேரம் நடப்பதைத் தவிர அதில் வேறு லாபம் இல்லை. அதே சமயம் தாமதமும் கூடாது. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும்.

பேடியிலிருந்து ஹை கேம்ப்வரை செங்குத்தான வளைவுகள். தலை விளக்குகள் வரிசையாக மேலே போவது கார்த்திகைக்கு மலையில் விளக்கு ஏற்றியது போல இருக்கும். அப்போது அதை ரசிக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கிளம்பும்போது குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம், பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் வியர்வை சில்லிடும். ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று தாளம் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறையுங்கள். நிற்பதைவிட மெதுவாக நடப்பது மேல்.

ஹை கேம்ப்புக்குப் பிறகு சரிவு மென்மையாகிவிடும், ஆனால் ஏமாற்றும். அதோ உச்சி என்று ஏறுவீர்கள், அங்கே போனால் இன்னொரு மேடு. அது போனால் இன்னொன்று. நான் எண்ணுவதை நிறுத்தியபோதுதான் பிரார்த்தனைக் கொடிகள் தெரிந்தன. பேடியிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம். குளுக்கோஸ் பிஸ்கட்டும் கடலைமிட்டாயும் சட்டைப்பையில் இருக்கட்டும். முதுகுப் பையில் இருந்தால் எடுக்கவே மாட்டீர்கள்.

மேலே ஒரு பெயர்ப்பலகை, கொடிகள், சீசனில் ஒரு டீக்கடை. வடக்கே யாக்வாகங், தெற்கே கதுங்கங், இரண்டும் 6,400 மீட்டருக்கு மேல். படம் எடுங்கள், டீ குடியுங்கள், இருபது நிமிடத்தில் கிளம்புங்கள்.

பலர் இங்கே பயணம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இன்னும் 1,600 மீட்டர் இறக்கம் இருக்கிறது, கூர்மையான கல்லும் உறைபனியும் கலந்த சரிவு, தூக்கமில்லாத கால்கள். முள் சங்கிலியை மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள். கோலை ஒரு பிடி நீளமாக்குங்கள், முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள், சின்ன அடியாக இறங்குங்கள். காலணி நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டாவிட்டால் கால் நகம் கறுத்துவிடும். எனக்கு இரண்டு போயிற்று. சராபுவில் (சுமார் 4,200) நிழலும் சூப்பும் கிடைக்கும். அங்கிருந்து இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

முக்திநாத்

கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஊருக்கு முன்பே கோயில் வந்துவிடும். அந்த வறண்ட பழுப்பு மலைக்கு நடுவே திடீரென்று மரக்கூட்டம், தண்ணீர்ச் சத்தம். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள். நம்மவர்களுக்கு இது திருமங்கையாழ்வார் பாடிய தலம், பௌத்தர்களுக்கு சுமிக் க்யாட்ஸா. பௌத்தப் பிக்குணிகளும் கோயிலைப் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோயிலில் இயற்கை எரிவாயுவால் எரியும் சிறு நீலச் சுடர்.

அன்று மாலையே 108 தாரையிலும் நனைய வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பத்து மணி நேரம் நடந்து, நீர் வற்றி, களைத்த உடம்பை உருகிய பனித்தண்ணீரில் காட்டுவது வம்பு. வாசலில் கும்பிட்டுவிட்டுக் கீழே உள்ள ராணிபௌவா என்ற ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் வெயில் ஏறியதும் வந்து நனையுங்கள். அன்று காலை ஜீப்பில் வந்திறங்கிய யாத்திரைக் குழு ஒன்றில் காஞ்சிபுரத்துப் பாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "எந்த ஹோட்டல்ல தங்கியிருக்கீங்க தம்பி?" என்றார். மலையைக் காட்டி, அந்தப் பக்கமிருந்து வருகிறோம் என்றேன். மலையையும் என் கறுத்த மூக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு திருப்பதி லட்டைப் பிட்டு வைத்தார்.

அங்கிருந்து காக்பேனி, ஜோம்சோம் இறக்கம் காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியே. சாளக்கிராமக் கற்கள் கிடைக்கும் ஆறு இதுதான். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியான அம்மோனைட் புதைபடிவங்கள் அவை. முற்பகல் பதினொன்றுக்கு மேல் பள்ளத்தாக்கில் புழுதிக் காற்று எதிரே அடிக்கும், ஆகவே சீக்கிரம் நடந்து முடியுங்கள், அல்லது ஜீப் பிடியுங்கள். அதே காற்றினால்தான் ஜோம்சோம் விமானங்களும் காலையில் மட்டும் பறக்கின்றன. போக்ராவுக்குப் பறப்பதாக இருந்தால் முந்தின இரவே ஜோம்சோமில் தங்கிவிடுங்கள். விமானம் ரத்தானால் பேருந்து இருக்கிறது. ஒரு பகல் முழுக்கக் குலுக்கி எடுக்கும், ஆனால் மார்பாவில் நிறுத்துவார்கள், ஆப்பிள் வாங்கிக்கொள்ளலாம்.